டேங்க் நிரம்பினால் மட்டும் வரும் பெட்ரோல் வாடை

கிட்டத்தட்ட நான்கு மாதம் எங்கள் காரில் அரை டேங்குக்கு மேல் பெட்ரோல் போடாமலே ஓட்டினேன். ஐந்நூறு ரூபாய்க்குப் போடுவது, தீர்ந்ததும் திரும்ப ஐந்நூறு. கையில் காசு இல்லாமல் இல்லை. டேங்கை நிரப்பினால் பின்சீட்டில் பெட்ரோல் வாடை வரும், அரை டேங்க் என்றால் வராது, அதுதான் காரணம். வாடை வராவிட்டால் கசிவும் இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். அது எவ்வளவு ஆபத்தான முடிவு என்பது பின்சக்கரத்தைக் கழற்றி மட்கார்டுக்குள் எட்டிப் பார்த்த அன்றுதான் தெரிந்தது. இதே வாடையோடு இதே மாதிரி சமாளித்து ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களுக்காகத்தான் நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

வண்டி 2006 மாடல், சின்னக் கார், அப்பா வாங்கியது. ஊர் தூத்துக்குடி. இங்கே இரும்பு என்று எதை வெளியே வைத்தாலும் உப்புக்காற்று தின்றுவிடும். வாசல் கேட்டுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட் அடிக்காவிட்டால் கீழ்ப்பக்கம் உதிர ஆரம்பித்துவிடும், கார் மட்டும் தப்பிக்குமா. அதற்கு மேல் 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த மழை. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது, காரும் அதிலேயே நின்றது. வடிந்த பிறகு ஆயில் மாற்றினோம், சீட்டைக் கழற்றி வெயிலில் போட்டோம், பிரேக்கைப் பிரித்துப் பார்த்தோம், தரைவிரிப்பைத் தூக்கியே எறிந்தோம். பின்சக்கரத்துக்கு மேலே இண்டு இடுக்கில் அப்பிக்கொண்ட சேற்றை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அது வெளியே தெரியாத இடம்.

வாடையை முதலில் பிடித்தது அம்மா. 2025 மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில், திருச்செந்தூர் போகலாம் என்று காலையிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். முத்தையாபுரம் தாண்டவில்லை, பின்னால் இருந்து "எய்யா, பெட்ரோல் வாடை வருதுய்யா" என்றார்கள். பங்கில் போடும்போது கொஞ்சம் வெளியே சிந்தியிருக்கும், காற்றில் போய்விடும் என்று சொல்லிவிட்டு ஓட்டினேன். திருச்செந்தூரில் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தால் இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரம். கையால் தொட்டு முகர்ந்தேன். பெட்ரோலேதான். அப்போதுகூட பங்கில் சிந்தியது வழிந்து வந்திருக்கும் என்றே நினைத்தேன். திரும்பி வரும்போது அம்மா ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் மூக்கை மூடியபடி வந்தார்கள். அதை இப்போது நினைத்தாலும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தேன். எல்லாரையும் போல நானும் முதலில் சந்தேகப்பட்டது மூடியை. மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது, அதனால் புது மூடி வாங்கிப் போட்டேன். இதில் ஒரு விஷயம். பெட்ரோல் மூடி வெறும் மூடி அல்ல, நிறைய மாடல்களில் அதற்குள் ஒரு சின்ன வால்வு இருக்கும். பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெளிக்காற்று போக வேண்டும், அதற்காக. அளவு சரியாக இருக்கிறது என்று எதையாவது போட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, திறக்கும்போது உஸ்ஸென்று காற்றை இழுக்கும். அந்த மாடலுக்கு உரிய மூடியைத்தான் போட வேண்டும். புது மூடி போட்டும் வாடை நிற்கவில்லை.

அடுத்து ஒரு வொர்க்‌ஷாப். அங்கே கையை விட்டுத் தடவிப் பார்த்தவர், மூடியிலிருந்து டேங்குக்குப் பெட்ரோல் இறங்கும் நெக் பைப்பில் ஈரம் இருக்கிறது என்று சொல்லி, இரண்டு பொட்டலம் கலக்கும் எபாக்ஸி பசையை உருட்டி, எட்டிய இடத்தில் அப்பி, மேலே கறுப்பு டேப் சுற்றிக் கொடுத்தார். ஒன்பது நாள் தாங்கியது. துருவின் மேல் ஒட்டிய பசை துருவோடுதான் ஒட்டியிருக்கும், இரும்போடு அல்ல, துரு உரிந்தால் பசையும் கழன்றுவிடும். பெட்ரோல் ஈரம் ஏற்கெனவே ஊறிப்போன இடத்தில் அது சரியாகப் பிடிக்கவும் செய்யாது. வழியில் டேங்கில் சொட்டினால் சலவை சோப்பைத் தேய்த்து அடைக்கிற பழக்கம் லாரிக்காரர்களிடம் உண்டு. சோப்பு பெட்ரோலில் எளிதில் கரையாது, வண்டியை வீடு கொண்டுபோய்ச் சேர்க்கிற வரைக்கும் அது நியாயமான வைத்தியம். ஆனால் அதை யாரும் ரிப்பேர் என்று சொல்லிப் பில் போடுவதில்லை.

இரண்டாவது இடத்தில் செய்த வேலைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. டேங்குக்கும் நெக் பைப்புக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறது என்று சரியாகவே கண்டுபிடித்தார்கள். அதற்குரிய ஹோஸ் கையில் இல்லாததால், அதே தடிமனில் இருந்த ரேடியேட்டர் ஹோஸில் ஒரு துண்டை வெட்டி மாட்டிவிட்டார்கள். பார்க்கப் புதுசாக, கறுப்பாக, கெட்டியாக இருந்தது. நானும் நம்பிப் பணம் கொடுத்தேன். பின்னால் அதைக் கழற்றியபோது ஊறவைத்த உளுந்து மாதிரி உப்பி, விரலால் அழுத்தினால் உள்ளே போகிற அளவுக்கு நைந்திருந்தது. ரேடியேட்டர் ஹோஸ் செய்யும் ரப்பர் சுடுதண்ணீரையும் கூலன்ட்டையும் வருஷக்கணக்கில் தாங்கும், பெட்ரோலைத் தாங்காது. பெட்ரோலை உறிஞ்சி உப்பிவிடும். கிளிப் இறுக்கிய இடத்தில் பிதுங்கி, பிடி தளர்ந்து, கடைசியில் பிய்த்துக்கொள்ளும். பெட்ரோலுக்கென்று செய்த ஹோஸின் முதுகில் ஃபியூவல் என்றும் எஸ்ஏஇ ஜே30 என்றும் அச்சடித்திருக்கும். எதுவும் அச்சில்லாத ஹோஸை டேங்க் பக்கம் யார் மாட்ட வந்தாலும் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு இருக்கிறது. பழைய வண்டிகளின் ரப்பர் அதை நினைத்துச் செய்யப்பட்டதல்ல, அதனால் கடையில் கேட்கும்போதே இ20 தாங்குமா என்று சேர்த்துக் கேட்பது நல்லது.

இரண்டு இடத்திலும் பணம் போன பிறகுதான் நான் அரை டேங்க் வழிக்கு வந்தேன். வாடை வரவில்லை, அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை, சரி, இப்படியே ஓட்டுவோம் என்று விட்டுவிட்டேன்.

அதை உடைத்தது எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஷெட் வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. நாற்பது வருஷம் லாரி, வேன் என்று பார்த்தவர், இப்போது தெரிந்தவர்களுக்கு மட்டும் வேலை செய்கிறார். டயருக்குக் காற்று அடிக்கப் போனவன் பேச்சுவாக்கில் அரை டேங்க் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தம்பி, பெட்ரோல் எரியாதுப்பா. அதோட ஆவிதான் எரியும். டேங்க் காலியாகக் காலியாக உள்ள ஆவிதானே கூடும்? ஓட்டைய அடைக்காம பெட்ரோல மட்டும் குறைச்சு என்ன பிரயோசனம்?" என்றார்.

இவ்வளவுதான் விஷயம். நான்கு மாதம் எனக்கு இது உறைக்கவில்லை. நிறைந்த டேங்கில் ஓட்டை வழியாகத் திரவம் வழிகிறது, கண்ணுக்குத் தெரிகிறது, வாடை அடிக்கிறது. அரை டேங்கில் அதே ஓட்டை வழியாக ஆவி போகிறது. ஓடும்போது காற்று அடித்துக்கொண்டு போய்விடுவதால் தெரியவில்லை. நிறுத்தி வைத்த வண்டியில், வெயிலில் டேங்க் சூடாகும்போது, ஆவி வெளியே வந்து தரையோடு தரையாகத் தேங்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், மேலே போகாது, பள்ளம் பார்த்து இறங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். பற்றுவதற்குச் சூடான நாள்கூட வேண்டியதில்லை, பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் ஒரு பொறி கிடைத்தால் பெட்ரோல் பற்றும். எங்கள் கார் நிற்கிற போர்டிகோவில், இரண்டு அடி தள்ளி, தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் இருக்கிறது. காலையில் எழுந்ததும் அம்மா முதலில் போடுவது அந்த சுவிட்சைத்தான். இதை அண்ணாச்சி ஷெட்டில் நின்றபடி யோசித்தபோது உடம்பு சில்லிட்டுவிட்டது. அன்று ராத்திரியே காரைத் தெருவில் திறந்த இடத்துக்கு மாற்றினேன்.

வேலையை அண்ணாச்சி சொல்லச் சொல்ல நானே செய்வதாக முடிவானது. அவருக்கு முழங்கால் வலி, கீழே படுத்து வேலை பார்க்க முடியாது. முதல் வேலையாக வண்டியை ஓட்டியே பெட்ரோலைக் கால் டேங்குக்கும் கீழே கொண்டுவரச் சொன்னார். குழாயை வாயில் வைத்து உறிஞ்சி எடுக்கும் பேச்சே வேண்டாம், நுரையீரலுக்குள் கொஞ்சம் போனாலும் ஆஸ்பத்திரிதான். ஷெட்டுக்குள் வேண்டாம், கீழே நின்று பார்க்கும் குழிப் பக்கம் போகவே வேண்டாம் என்று, வெளியே வேப்பமரத்தடியில் காற்றோட்டமான இடத்தில் நிறுத்தினோம். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றினேன். ஒயரோடு வரும் கை விளக்கை எடுத்துக்கொண்டு போனதற்குத் திட்டு விழுந்தது, பல்பு உடைந்தால் அதுவே தீப்பொறி. எல்.இ.டி. டார்ச்சைத் தள்ளி நின்று போட்டுக்கொண்டு வந்தேன். செல்போன் வீட்டில். பக்கத்தில் பவுடர் தீயணைப்பான் ஒன்று, ஒரு வாளி மணல். பெட்ரோல் தீக்குத் தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து தீயைப் பரப்பும் என்பதால் மணல்.

கழற்றுவதற்கு முன்னால் கசிவு எங்கே என்று தெரிய வேண்டும். இதற்கு அண்ணாச்சி சொன்ன வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. மகளின் பையிலிருந்து இரண்டு சாக்பீஸ் எடுத்து, நெக் பைப்பையும் ஹோஸையும் துணியால் காயத் துடைத்து, எட்டும் இடமெல்லாம் சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்கிவிட வேண்டும். அதற்காக வேலைக்கு இரண்டு நாள் முன்னாலேயே ஒரு தடவை டேங்கை நிரப்பினோம். மூன்றாவது மைல் பக்கம் ஒரு சுற்று போய்விட்டு வந்து பார்த்தால், ஈரம் பட்ட இடம் சாக்பீஸில் கறுத்துக் கோடாகத் தெரிகிறது. கோட்டின் மேல் நுனிதான் ஓட்டை, கீழ் நுனி வெறும் சொட்டுகிற இடம். இரண்டு வொர்க்‌ஷாப்பிலும் ஈரமாக இருந்த கீழ் நுனியைத்தான் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். எங்கள் வண்டிக்கு மூடி இடது பக்கம், அதனால் வலப்பக்கம் திரும்பும்போது பெட்ரோல் இடப்பக்கம் அலையடித்து நெக் பைப்பில் ஏறும். ரவுண்டானா சுற்றினால் வாடை கூடுகிறது என்று நான் முன்பே கவனித்திருந்தேன், ஏன் என்று கேட்டுக்கொள்ளத்தான் தெரியவில்லை.

சக்கரத்தைக் கழற்றி, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்து, மட்கார்டின் உள் மூடியைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். பாதி உடைந்தன. மூடியை இழுத்ததும் பொலபொலவென்று சேறு. காய்ந்து இறுகிய சேறு, ஒரு தட்டு நிறைய இருக்கும். 2023 வெள்ளத்துச் சேறுதான் அது, அதன்மேல் இரண்டு வருஷத்து உப்புத்தூசி. நெக் பைப்பை வண்டியின் உடம்போடு பிடித்திருக்கும் தகட்டுக்குப் பின்னால் அது கட்டியாக அடைந்திருந்தது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஆகவே அந்த இடம் கோடையிலும் காய்ந்தே இருக்காது. வெளியே கறுப்பு பெயின்ட் மினுமினுப்போடு இருந்த பைப் தகட்டுக்கு அடியில் மட்டும் கரையான் தின்ற மரம் மாதிரி இருந்தது. ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாகத் தொட்டேன், உள்ளே போய்விட்டது.

அதோடு முடியவில்லை. மூடிக்குக் கீழே சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம் இருக்கும், கவனித்திருப்பீர்கள். அதில் மழைத்தண்ணீரோ சிந்திய பெட்ரோலோ தேங்காமல் கீழே போக ஒரு சின்ன வடிகுழாய் உண்டு. எங்கள் வண்டியில் அது சேற்றால் முழுசாக அடைந்திருந்தது. ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் அந்தக் கிண்ணத்தில் நின்று நின்று, பைப்பின் கழுத்தைச் சுற்றி இன்னொரு துரு வளையம். பைப் ஒரே சமயத்தில் மேலேயும் நடுவிலேயும் அரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

பைப்பைக் கையில் எடுத்ததும் எனக்குத் தோன்றிய முதல் யோசனை, கழற்றியாயிற்றே, பிராஸ் வெல்டிங் வைத்து அடைத்துவிடலாமே என்பது. அண்ணாச்சி பைப்பை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். நான் பார்த்த ஓட்டை இரண்டு, வெளிச்சம் தெரிந்த இடம் ஏழெட்டு. "இரும்பு இருந்தாத்தான தம்பி பத்தவைக்க?" என்றார். டேங்க் வெல்டிங் செய்கிறவர்கள் டேங்கைப் பல தடவை கழுவி, உள்ளே தண்ணீர் நிரப்பி, வேலை செய்யும் இடம் மட்டும் காலியாக இருக்கும்படி வைத்துக்கொண்டுதான் நெருப்பை எடுப்பார்கள். வண்டியில் இருக்கும்போதே பைப்பில் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். வெறும் டேங்க்தானே, பெட்ரோல் இல்லையே என்பார்கள். காலி டேங்கில் இருப்பதுதான் ஆவி.

புது நெக் பைப் தூத்துக்குடியிலும் கிடைக்கவில்லை, திருநெல்வேலியிலும் கிடைக்கவில்லை. சென்னையில் இருக்கும் மச்சானிடம் சொன்னேன். அவர் முதலில் புதுப்பேட்டையில் ஒரு பழைய பைப்பைப் பார்த்து வீடியோ அனுப்பினார், "மாப்ளே, முந்நூறு ரூபாதான், எடுத்திரவா?" என்று. தகட்டுக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டச் சொன்னேன், அங்கேயும் அதே செதில் துரு. இந்தச் சாமானில் மட்டும் பழையது வாங்குவதில் அர்த்தமில்லை, அரிக்கிற இடம் எல்லா வண்டிக்கும் அதேதான். பிறகு ஜி.பி. ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கிப் புதுசே வாங்கி ஆம்னி பஸ்ஸில் பார்சல் போட்டார். பைப் 1,450 ரூபாய், பெரிய ஹோஸும், டேங்கிலிருந்து காற்று மேலே வரும் பிரீதர் ஹோஸும் சேர்த்து 620, கிளிப் ஆறு. முந்தைய இரண்டு வைத்தியத்துக்கும் நான் கொடுத்தது இதைவிட அதிகம்.

மாட்டுவதற்கு முன்னால் புது பைப்புக்கு ஜிங்க் பிரைமர் ஒரு கோட், அது காய்ந்ததும் கறுப்பு எனாமல் இரண்டு கோட் அடித்தேன், முக்கியமாகத் தகட்டுக்கு அடியில். ஹோஸ் ஏறும் இடத்தில் மட்டும் பெயின்ட் படாமல் டேப் ஒட்டிக்கொண்டேன், அங்கே பெயின்ட் இருந்தால் உரிந்து கசிவுக்கு வழி விடும். டேங்க் பக்கத்து வாயில் பழைய ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கையாலேயே உப்புத்தாள் போட்டுச் சுத்தம் செய்தேன். டிரில்லில் கம்பி பிரஷ் மாட்டினால் இரண்டு நிமிஷ வேலை, ஆனால் பொறி பறக்கும். கையால் முக்கால் மணி நேரம் ஆனது. தேய்க்கும் நேரமெல்லாம் டேங்க் வாயை ரப்பர் கார்க்கால் அடைத்து வைத்திருந்தேன், துகள் உள்ளே விழுந்தால் பம்புக்கு ஆபத்து, ஆவியும் வெளியே வந்துகொண்டிருக்கும்.

ஹோஸ் மாட்டுவதில்தான் பொறுமை வேண்டும். பைப் நுனியில் கொஞ்சம் புடைப்பான விளிம்பு இருக்கும், ஹோஸ் அதைத் தாண்டி நன்றாக உள்ளே போக வேண்டும், கிளிப் அந்தப் புடைப்புக்குப் பின்னால் உட்கார வேண்டும். புடைப்பின் மேலேயோ ஹோஸின் நுனியிலேயோ உட்கார்ந்தால் நாளடைவில் நழுவிவிடும். வழுக்குவதற்கு கிரீஸ் தடவாமல் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தொட்டுக்கொண்டேன். கிளிப் எல்லாம் எவர்சில்வர், ஓரம் மழுங்கியது. சாதாரண கிளிப் எங்கள் ஊரில் இரண்டு மழைக்குக்கூட வராது, ஓரம் கூரான கிளிப் ரப்பரை வெட்டும். ஒவ்வொரு நுனிக்கும் ஒன்று, பெரிய ஹோஸின் டேங்க் பக்கத்துக்கு இரண்டு. இறுக்கும்போது ரப்பர் கிளிப்பின் ஓரத்தில் லேசாகப் பிதுங்கினால் போதும், பலம் இருக்கிறதே என்று முறுக்கக் கூடாது. திருகும் தலை எல்லாம் ஸ்பேனர் எட்டுகிற பக்கமாக வைக்கச் சொன்னார் அண்ணாச்சி. பின்னால் யார் இறுக்க வந்தாலும் திட்டாமல் இறுக்குவார்கள்.

பிரீதர் ஹோஸைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் பங்கில் படும் பாடு பாதி அதனால்தான். பெரிய குழாயில் பெட்ரோல் இறங்கும்போது டேங்குக்குள் இருக்கும் காற்று மேலே வர வேறு வழி வேண்டும், அந்த வழி இந்தச் சின்ன ஹோஸ். பங்க் துப்பாக்கியின் நுனியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதன் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும்வரை பெட்ரோல் வரும். பெட்ரோல் மேலேறி அந்தத் துளையை மூடினால், காற்று நின்று, டக்கென்று தானாக அணையும். பிரீதர் ஹோஸ் மடங்கியிருந்தாலோ நடுவில் தொங்கிப் பள்ளம் விழுந்து அதில் பெட்ரோல் தேங்கினாலோ காற்று வெளியே போகாமல் பெட்ரோல் எதிர்த்துக்கொண்டு மேலே வரும், டேங்க் பாதிகூட ஆகாமல் டக் டக்கென்று அணைந்துகொண்டே இருக்கும். எங்கள் வண்டிக்கு வருஷக்கணக்கில் அந்த வியாதி இருந்தது. பங்கில் இருக்கிற பையன்தான் சரியாகப் பிடிக்கவில்லை என்று எத்தனையோ தடவை முகம் சுளித்திருக்கிறேன். பழைய பிரீதரைக் கழற்றி வளைத்துப் பார்த்தேன், முழுக்க மயிர் மயிராக வெடிப்பு, நடுவில் ஒரு மடிப்பு. புதுசை டேங்கிலிருந்து மூடி வரைக்கும் ஒரே ஏற்றமாக, எங்கேயும் தொங்காமல் அளந்து வெட்டி மாட்டினேன்.

புது பைப் மாட்டிய அன்று காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தது, சக்கரம் திரும்ப மாட்டும்போது மணி இரண்டே கால். பேட்டரி ஒயரைக் கடைசியாகத்தான் மாட்டினேன், அதற்கு முன்னால் அரை மணி நேரம் எல்லாவற்றையும் திறந்துபோட்டு ஆவி போகட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். அண்ணாச்சிக்குப் பணம் கொடுத்தால் வாங்கமாட்டார், அவர் ஷெட்டுக்கு ஒரு பவுடர் தீயணைப்பான் வாங்கிக் கொடுத்தேன். அன்று நாங்கள் பக்கத்தில் வைத்திருந்தது நான் கொண்டுபோனது, அவரிடம் இருந்தது காலாவதியாகி ரொம்ப நாளாகியிருந்தது.

மறுநாள் திரும்பச் சாக்பீஸ் தேய்த்து டேங்கை நிரப்பினேன். முதல் டக்கில் நிறுத்தச் சொன்னேன். பையன் "சார், ரவுண்டா ஆக்கிடவா?" என்றான், வேண்டாம் தம்பி என்றேன். இது பைப் புதுசோ பழசோ எல்லாருக்கும் பொருந்தும். பங்கில் பெட்ரோல் தரைக்கு அடியில் சூடு குறைவாகக் கிடக்கிறது, நம் டேங்குக்கு வந்து வெயிலில் நின்றால் விரியும். பத்து டிகிரி ஏறினால் நூற்றுக்கு ஒரு பங்கு. 35 லிட்டர் டேங்கில் அது 350 மில்லி, ஒரு பெரிய டம்ளர் நிறைய. அந்த டம்ளருக்காகத்தான் டேங்கின் மேலே காலி இடம் விட்டு வடிவமைத்திருக்கிறார்கள், ரவுண்டு தொகைக்காக அதையும் நிரப்பினால் பெட்ரோல் நெக் பைப்பிலேயே நின்றுகொண்டிருக்கும்.

ரவுண்டானாவை நான்கு சுற்றுச் சுற்றினேன், டிராபிக் போலீஸ் ஒரு மாதிரி பார்த்தார். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் சாக்பீஸ் முழுக்க வெள்ளை. அப்படியும் மூன்று நாள் வண்டியைப் போர்டிகோவுக்குள் விடவில்லை. காலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், பின்சக்கரத்துப் பக்கம் நின்று முகர்ந்து பார்க்கச் சொன்னேன். என் மூக்கு நான்கு மாதத்தில் பழகிப்போய்விட்டது, அதை நான் நம்பத் தயாராக இல்லை. மூன்றாவது நாள் அம்மா, "ஒண்ணும் இல்லய்யா, வேப்பம்பூ வாடைதான் வருது" என்றார்கள். வேப்பம்பூ காலம் இல்லை அது, ஆனாலும் நான் மறுத்துப் பேசவில்லை.

புது ரப்பர் உட்கார்ந்ததும் கொஞ்சம் தளரும், ஆகவே பத்து நாள் கழித்து எல்லாக் கிளிப்பையும் கால் சுற்று இறுக்கினேன். மட்கார்டு உள் மூடிக்குப் புது கிளிப் இன்னும் நான்கு வர வேண்டும், இப்போதைக்குப் பாதிதான் இருக்கிறது. கிண்ணத்தின் வடிகுழாய் தனியாக எங்கேயும் கிடைக்கவில்லை, பிரீதர் ஹோஸ் வெட்டியதில் மிஞ்சிய துண்டையே அதற்குப் போட்டேன், கிட்டத்தட்ட அதே அளவு. அக்டோபரில் முதல் மழை பெய்த அன்று சாயங்காலம், மூடிக் கதவைத் திறந்து, பெட்ரோல் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கிண்ணத்தில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினேன். மகள் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரத்துக்குப் பின்னால் தண்ணீர் ஒரே நூலாக இறங்கியது, கடைசியில் கொஞ்சம் மணலும் வந்தது, அதற்கப்புறம் தெளிந்த தண்ணீர்.